முதல் ஜோடி டர்ன்டேபிளும் மிக்ஸரும்: காசை எங்கே போடுவது, எங்கே பிடிப்பது

"டிஜே ஆகப் பழக எந்த டர்ன்டேபிள் வாங்கலாம்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு எந்தக் கை அதிகம் வேலை செய்யப் போகிறது?

ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தாளம் தப்பாமல் போக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ரெக்கார்டின் விளிம்பிலும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடரிலும் இருக்கும் கைதான் உழைக்கும். ரெக்கார்டை முன்னும் பின்னும் இழுத்துச் சத்தம் எழுப்பும் ஸ்கிராட்ச் பண்ணத்தான் ஆசை என்றால், மிக்ஸரில் ஒரு பக்கத்துச் சத்தத்தைத் திறந்து மறுபக்கத்தை மூடும் கிராஸ்ஃபேடரில் இருக்கும் விரல்கள்தான் உழைக்கும். முதல் ஆள் காசை டர்ன்டேபிளில் போட வேண்டும், மிக்ஸர் சுமாராக இருந்தாலும் வண்டி ஓடும். இரண்டாம் ஆளுக்கு ஆரம்பத்தில் ஒரே ஒரு டர்ன்டேபிள் போதும். ஆனால் மிக்ஸரில், அதிலும் அந்த ஒரு ஃபேடரில், கஞ்சத்தனம் கூடாது. கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். அவர் இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், ஒரு ஹெட்போன் என்று பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்கத்தான் பார்ப்பார்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் மிக்ஸிங்கிலிருந்து, அதாவது பாட்டோடு பாட்டைச் சேர்ப்பதிலிருந்து, தொடங்குங்கள். அதற்கு வாங்கும் டர்ன்டேபிள் ஸ்கிராட்சுக்கும் உதவும். மிக்ஸரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: டர்ன்டேபிள்தான் வேண்டுமா?

கல்யாண ரிசப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ் என்று வாசித்துச் சம்பாதிக்க நினைப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். "அண்ணா, அந்தப் பாட்டைப் போடுங்கண்ணா" என்று நிமிஷத்துக்கு ஒருவர் வந்து நிற்கும் இடத்தில் லேப்டாப்பும், அதிலுள்ள பாட்டை இயக்கும் கன்ட்ரோலரும்தான் சோறு போடும். பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி இரண்டு சேனல் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். டர்ன்டேபிள், கையால் ரெக்கார்டைத் தொட்டு வாசிப்பதில் பித்துப் பிடித்தவர்களுக்கானது. கனமானது, தூசிக்கும் அதிர்வுக்கும் பயந்தது, ரெக்கார்டுக்கு வேறு தனியாகச் செலவு வைக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகும் ஆசை போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

படி 2: பெல்ட்டா, டைரக்ட் டிரைவா?

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். டைரக்ட் டிரைவ்தான்.

பெல்ட் டிரைவில் மோட்டார் ஓரமாக உட்கார்ந்து, ரப்பர் பெல்ட் மூலம் தட்டைச் சுற்றும். கிரைண்டரில் மாவு கெட்டியானால் பெல்ட் வழுக்கி, கல் சுற்றத் தயங்குமே, அதே கதைதான் இங்கேயும். ரெக்கார்டைக் கையால் பிடித்து நிறுத்தினால் பெல்ட் வழுக்கும், விட்டதும் தட்டு பழைய வேகத்துக்கு வர நேரமாகும். நம்மூர் வெக்கையில் ரப்பர் நாளாக நாளாகத் தளர்வது தனி. டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும். பிடித்தாலும் அடியில் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். விட்டவுடன் ரெக்கார்டு வேகத்தைப் பிடித்துவிடும்.

பரணில் கிடக்கும் தாத்தா காலத்து எச்.எம்.வி. பெட்டியையும், இப்போது அழகுக்காக விற்கும் சூட்கேஸ் பிளேயரையும் இதற்கு இழுக்காதீர்கள். இரண்டிலும் டிஜே வேலைக்கு வேண்டிய பிட்ச் ஃபேடர் இருக்காது. ஊசியின் பாரமும் அதிகம், நல்ல ரெக்கார்டையும் தேய்த்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்கிராட்ச் மட்டும் பழக வேண்டும், காசும் மிகக் குறைவு என்பவர்களுக்கு நியூமார்க் பிடி01 ஸ்கிராட்ச் என்ற கையடக்கப் பெட்டி இருக்கிறது. அது பெல்ட் டிரைவ்தான், ஆனால் பேட்டரியிலும் ஓடும், ஒலியை வெட்ட ஒரு சுவிட்சும் உண்டு. 7 அங்குல ஸ்கிராட்ச் ரெக்கார்டு ஒன்றைப் போட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பழகலாம். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டுச் சின்ன கிராஸ்ஃபேடரைப் பொருத்திக்கொள்ளும் கூட்டமே உலகம் முழுக்க உண்டு.

படி 3: எதன் நகலை வாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1972-இல் ஜப்பானின் மத்ஸுஷிதா நிறுவனம், இன்றைய பானசோனிக், டெக்னிக்ஸ் என்ற பெயரில் எஸ்எல்-1200-ஐ வெளியிட்டபோது அது வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்கான பொருள். மறு வருடம், 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில் கூல் ஹெர்க் நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, பாட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் துண்டை மாறி மாறி ஓட்டி நீட்டுவது அவருடைய வித்தை. அந்தத் துண்டு தொடங்கும் இடத்தை ரெக்கார்டிலேயே கிரேயானால் குறித்து, விரலால் பின்னுக்குச் சுற்றித் துல்லியமாகப் பிடித்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். ஸ்கிராட்ச் பிறந்தது கிராண்ட் விஸார்ட் தியோடரின் கையில் என்பார்கள். இப்படிப்பட்ட விரல் வேலைக்கு ஈடுகொடுப்பது டைரக்ட் டிரைவ்தான். 1979-இல் குவார்ட்ஸ் கட்டுப்பாடும் நீளமான பிட்ச் ஃபேடரும் கொண்ட எஸ்எல்-1200 எம்கே2 வந்ததும், உலகத்தின் கிளப்கள் எல்லாம் அதிலேயே நிலைத்துவிட்டன.

இன்று கடையில் இருக்கும் பெரும்பாலான டிஜே டர்ன்டேபிள்களைப் பாருங்கள். இடது கீழ் மூலையில் ஸ்டார்ட்-ஸ்டாப் பொத்தான், வலது ஓரம் பிட்ச் ஃபேடர், ஊசியைத் தாங்கும் எஸ் வடிவ டோன்ஆர்ம், தட்டின் விளிம்பில் புள்ளி வரிசை. எல்லாம் எம்கே2-வின் அச்சு. இவற்றில் பல தைவானின் ஹான்பின் என்ற ஒரே நிறுவனத்தில் தயாராகி, வெவ்வேறு பெயர் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆகவே லோகோவைப் பார்த்து மயங்காமல், விவரப் பட்டியலில் கீழே சொல்லும் சில வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

டார்க், அதாவது தட்டைச் சுற்றும் விசை. எம்கே2-வில் அது 1.5 கிலோகிராம்-செ.மீ. அதை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை உலகப் போட்டிகளில் ஜெயித்தது. பயனியர் பிஎல்எக்ஸ்-500-இல் 1.6, ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி140எக்ஸ்பியில் 2.2, பிஎல்எக்ஸ்-1000-இல் 4.5. மிக்ஸிங்குக்கு 1.5 வாக்கில் இருந்தால் தாராளம். 4.5 இருந்தால் ஸ்கிராட்சில் சுகம்தான், ஆனால் விரலால் தட்டை லேசாகத் தொட்டு வேகம் குறைக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது முரட்டுத்தனமாகத் தெரியும்.

பிட்ச் அளவு. பிளஸ் மைனஸ் 8 சதவீதம் போதும். 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 அடி) பாட்டை அதில் சுமார் 110-லிருந்து 130 வரை இழுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் பாடகரின் குரலே மாறிவிடும். 16, 24, 50 என்று கூடுதல் எண் போட்டிருந்தால் சந்தோஷம், அதற்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். எண்ணைவிட ஃபேடரின் நீளம் முக்கியம். குட்டையான ஃபேடரில் மயிரிழை நகர்த்தினாலும் வேகம் எகிறும்.

கழற்றக்கூடிய ஹெட்ஷெல், அதாவது டோன்ஆர்மின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் தலை. இது இருந்தால்தான் ஊசியைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியும். யூஎஸ்பி, புளூடூத் எல்லாம் கடைசி வரிசை. விளம்பரத்தில்தான் அவை முதல் வரிசையில் இருக்கும்.

படி 4: எந்த மாடல்?

புதிதாக, குறைந்த செலவில் என்றால் ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ், ரீலூப் ஆர்பி-2000, பயனியர் பிஎல்எக்ஸ்-500. மூன்றும் டைரக்ட் டிரைவ். எல்பி120 உண்மையில் பாட்டுக் கேட்பவரையும் மனதில் வைத்துச் செய்தது. கூட வரும் விஎம்95இ ஊசி கேட்க அருமையாக இருக்கும், ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் குதிக்கும். மிக்ஸிங் மட்டும் பழக அது போதும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்பவருக்கு நான் கைகாட்டுவது எல்பி140எக்ஸ்பிதான். டிஜேவுக்கென்றே செய்தது, தேவையில்லாத யூஎஸ்பி கிடையாது, கூட வரும் எக்ஸ்பி3 ஊசியும் முரட்டு வேலையைத் தாங்கும்.

அதற்கு மேலே ரீலூப் ஆர்பி-7000 எம்கே2, பிஎல்எக்ஸ்-1000, 2019-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7. இவை ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் வரும். பிஎல்எக்ஸ்-1000, எம்கே7 இரண்டிலும் ஊசி கூட வராது, அந்தச் செலவைத் தனியாகக் கணக்கில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். வலப்பக்கம் ஒரு பிராண்ட், இடப்பக்கம் ஒரு பிராண்ட் என்றால் பிட்ச் ஃபேடரின் கனம் வேறு, தட்டு வேகம் பிடிக்கும் நேரம் வேறு, விரல் ஒரு பக்கம் கற்றது மறுபக்கம் செல்லாது. இரண்டையும் ஒன்றாக வாங்கக் காசில்லை என்றால், இன்று ஒன்றை வாங்கி, அடுத்த போனஸுக்கு அதே மாடலை வாங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் மிக்ஸரின் இன்னொரு சேனலில் போனைச் சொருகிப் பழகலாம்.

படி 5: பழையதை வாங்கும்போது

டெக்னிக்ஸ் 2010-இல் எஸ்எல்-1200 தயாரிப்பை நிறுத்தி, 2016-இல்தான் மறுபடி களத்துக்கு வந்தது. அதற்கு முன் முப்பது ஆண்டுகளில் வந்த எம்கே2-க்கள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உதிரி பாகம் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய எம்கே2, புதிய மட்டமான டர்ன்டேபிளைவிட எப்போதும் மேல்.

வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட், ஜப்பானில் விற்றது 100 வோல்ட். நம்மூர் 230-இல் நேராகச் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அன்றோடு சரி. சில ஏற்றுமதி மாடல்களில் தட்டைத் தூக்கினால் அடியில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அதன் விலையையும் பேரத்தில் கழியுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் ஒன்று வருகிறது என்றால், தட்டு, ஹெட்ஷெல், பின்பக்க எடைக்கல் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். தட்டோடு சேர்த்து அனுப்பினால் நடு அச்சு அடிபடும். ஒன்று 10 கிலோவுக்கு மேல் வரும், லக்கேஜ் கணக்கையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு ஹெட்போன், பழகிய ஒரு ரெக்கார்டு, முடிந்தால் நன்றாக ஓடும் என்று தெரிந்த ஒரு ஊசி, டார்ச். பகல் வெளிச்சத்தில் போனால் நல்லது.

ஸ்டார்ட்டை அழுத்துங்கள். எம்கே2-வின் தட்டு 0.7 விநாடியில் முழு வேகத்துக்கு வந்துவிட வேண்டும். பிட்ச் ஃபேடரை நடுவில் வையுங்கள், கிளிக் என்று உட்கார்ந்து பச்சை விளக்கு எரியும். இப்போது தட்டின் விளிம்பைச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு வரிசைப் புள்ளிகளில் பெரிய புள்ளி வரிசை அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல நகர்ந்தாலோ நடுங்கினாலோ வேகம் சரியில்லை என்று அர்த்தம். அடுத்து ஃபேடரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்துங்கள். புள்ளிகளின் ஓட்டம் சீராகக் கூடிச் சீராகக் குறைய வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று துள்ளினால் உள்ளே தூசி, அல்லது ஃபேடரே தேய்ந்திருக்கிறது. மாற்ற முடியாத பழுது இல்லை, ஆனால் விலையைக் குறைக்க நல்ல காரணம். நடுக் கிளிக்கின் இருபுறமும் கொஞ்ச தூரத்துக்கு வேகம் மாறாமலே இருப்பது பழைய எம்கே2-வின் பிறவிக் குணம், அதைப் பழுது என்று சண்டை போடாதீர்கள்.

டோன்ஆர்ம்தான் ஏமாற்றும் இடம். ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஆர்மின் அடிப்பாகத்தில் டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பின் எடைக்கல்லைச் சுழற்றி ஆர்மைக் காற்றில் மிதக்க விட்டு, ஊதினால் தங்கு தடையில்லாமல் நகர வேண்டும். வழியில் சிக்கினால் அந்த ஆர்ம் எப்போதோ கீழே விழுந்த மெஷினுடையது. நான் அப்படிப்பட்டதை விட்டுவிட்டு வந்துவிடுவேன், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருகிறதா? பயப்பட வேண்டாம். ஹெட்ஷெல்லின் பின்னால் உள்ள நான்கு குட்டி ஊசிகளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள், பாதி நேரம் அதுதான். இல்லையென்றால், மிக்ஸருக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரை அசைத்துப் பாருங்கள். பழைய எம்கே2-வில் அந்த வயர் உள்ளேயே பற்றவைத்தது, ஒரு சால்டரிங் ஆள் அரை மணியில் மாற்றிக் கொடுப்பார். சென்னையில் இருப்பவருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது. மேலே எழும்பும் குட்டி விளக்கு எரியவில்லை, மூடி உடைந்திருக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் பேரத்துக்கு மட்டும்.

படி 6: ஊசி

புதியவர்கள் கடைசியில் மிச்சக் காசில் வாங்குவது இதைத்தான். உண்மையில் ரெக்கார்டைத் தொடும் ஒரே பொருள் இதுதான். டிஜே ஊசிக்கு வட்ட முனை, விறைப்பான தண்டு, சுமார் 3 கிராம் பாரம் வேண்டும். ஸ்கிராட்ச் உலகத்தில் பல காலம் கொடிகட்டிய ஷூர் எம்44-7 இப்போது வருவதில்லை; ஷூர் 2018-இல் ஊசித் தொழிலையே விட்டுவிட்டது. பழைய எம்44-7 கிடைத்தால் ஜப்பானின் ஜிகோ செய்யும் ஊசிமுனையைப் போட்டு ஓட்டுகிறார்கள். புதிதாக வாங்குபவருக்கு ஆர்டோஃபோன் கன்கார்ட் மிக்ஸ் அல்லது ஏடி-எக்ஸ்பி3. கன்கார்ட் வகையில் ஹெட்ஷெல்லும், ஊசிமுனை பொருந்தும் கார்ட்ரிட்ஜும் ஒரே துண்டு, ஆர்மில் திருகினால் முடிந்தது. தனித்தனியாகப் பொருத்தும் வகை என்றால் நான்கு வயரும் நிறம் மாறாமல் போக வேண்டும். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. டெக்னிக்ஸ் ஆர்மில் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ.

ஒரு வேண்டுகோள். அப்பா சேர்த்து வைத்த இளையராஜா எல்.பி.க்களில் ஸ்கிராட்ச் பழகாதீர்கள்.

படி 7: மிக்ஸர்

முதல் மிக்ஸருக்கு இரண்டு சேனல் போதும். நான்கு சேனல் மிக்ஸரின் விலையில் நீங்கள் தொடாத இரண்டு சேனலுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அதே காசை இரண்டு சேனலில் போட்டால் தரம் ஒரு படி ஏறும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு சேனலுக்கும் ஃபோனோ என்று எழுதிய சாக்கெட் இருக்க வேண்டும், பக்கத்தில் தரை வயருக்கான திருகும் இருக்க வேண்டும். கன்ட்ரோலருக்கோ மைக்குக்கோ செய்த மிக்ஸரில் இது இருக்காது. தயாரிக்கும் இடத்தில் ரெக்கார்டில் பள்ளம் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். திரும்ப வாசிக்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்ய வேண்டும். ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தமோ சில மில்லிவோல்ட்தான். இரண்டு வேலையையும் ஃபோனோ சாக்கெட்டின் பின்னால் இருக்கும் சர்க்யூட் செய்கிறது. டர்ன்டேபிளை லைன் சாக்கெட்டில் சொருகினால் எங்கோ பக்கத்து வீட்டில் பாடுவது போல மெலிந்து கேட்கும். எல்பி120, பிஎல்எக்ஸ்-500 போன்றவற்றில் அந்தச் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது, பின்னால் ஃபோனோ-லைன் சுவிட்சும் உண்டு. மிக்ஸரின் ஃபோனோவில் சொருகும்போது அந்தச் சுவிட்சும் ஃபோனோவில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் பெருக்கினால் சத்தம் நாராசமாக உடையும். "புது மெஷின், டிஸ்டார்ஷன் வருது" என்று வரும் புகாரில் பெரும்பங்கு இந்தச் சுவிட்ச்தான்.

மிக்ஸிங் ஆளுக்கு வேண்டியது: சேனலுக்கு மூன்று குமிழ் ஈக்யூ (பேஸ், நடு, கீச்சு ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க), உள்ளே வரும் சத்த அளவைச் சரிசெய்யும் தனி கெயின், இரண்டு சேனலையும் தனித்தனியே ஹெட்போனில் கேட்கும் கியூ பொத்தான், ஹெட்போனில் கியூவையும் வெளிச்சத்தத்தையும் கலக்கும் குமிழ். ஈக்யூவில் பேஸ் குமிழை முழுக்கக் குறைத்தால் பேஸ் முற்றிலும் அடங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஸ்பீக்கர் குழறும். ஒன்றை அடக்கி மற்றதை எழுப்புவதுதான் மிக்ஸிங்கின் பாதி. மலிவில் பார்ப்பவர்கள் நியூமார்க் எம்2-வை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காசிருந்தால் ஆலன் அண்ட் ஹீத் எக்ஸோன்:23. அதன் ஃபில்டரில் ஒரு முறை கை வைத்தவர்கள் பிறகு வேறு மிக்ஸரைத் தேடுவது அபூர்வம்.

ஸ்கிராட்ச் ஆள் ஈக்யூவை விட்டுவிட்டு கிராஸ்ஃபேடரைப் பாருங்கள். மலிவு மிக்ஸரில் ஒலியே ஃபேடரின் கரித்தடம் வழியாகப் போகும். தடம் தேய்ந்தால் கரகரப்பு, கொஞ்ச நாளில் மூடிய பிறகும் மறுபக்கத்துச் சத்தம் கசியும். விசிஏ வகையில் ஒலி ஃபேடருக்குள் போகாது, ஃபேடர் ஒரு கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மட்டும் அனுப்பும். அதனால் தூசி பட்டாலும் தாங்கும். அதற்கு மேல் தொடாமலே வேலை செய்யும் வகைகள்: இன்னோஃபேடர், பயனியரின் மேக்வெல். நியூமார்க்கின் ஸ்கிராட்ச் என்ற மிக்ஸரில் இன்னோஃபேடரும், பயனியர் டிஜேஎம்-250 எம்கே2-வில் மேக்வெலும் இருக்கின்றன. இந்த இரண்டில் ஒன்றுக்குக் காசு சேரும்வரை காத்திருப்பது, மட்டமான மூன்றை வரிசையாகத் தேய்ப்பதைவிடச் சிக்கனம்.

கிராஸ்ஃபேடரை நகர்த்தும்போது சத்தம் எவ்வளவு சட்டென்று திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கர்வ் குமிழ் அவசியம். அதைக் கூர்மையாக வைத்தால் ஃபேடர் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்ததுமே சத்தம் முழுதாகத் திறக்கும். ஸ்கிராட்சுக்கு அதுதான் உயிர். மிக்ஸிங்குக்கு மெதுவான கர்வ்.

பழைய மிக்ஸர் என்றால், பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு குமிழையும் ஃபேடரையும் கோடி முதல் கோடி வரை நகர்த்திக் கேளுங்கள். கிராஸ்ஃபேடரை ஒரு பக்கம் மூடி, ஹெட்போன் சத்தத்தைக் கூட்டி, மறுபக்கப் பாட்டு கசிகிறதா என்று காதைக் கொடுங்கள். அடாப்டரையும் கூடவே வாங்குங்கள். சில சின்ன மிக்ஸர்களுக்கு ஏசி வெளியீடு தரும் விசேஷ அடாப்டர் வேண்டும், வீட்டில் கிடக்கும் டிசி அடாப்டர் பொருந்தினாலும் ஓடாது. கரகரக்கும் ஃபேடருக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர்தான் மருந்து. பூட்டுக்கும் கதவுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் தூசி இன்னும் நன்றாக ஒட்டும்.

படி 8: காசைப் பிரிப்பது

கையில் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸிங் ஆள் 70,000-ஐ ஒரே மாதிரியான இரண்டு டர்ன்டேபிளுக்கும், 15,000-ஐ மிக்ஸருக்கும், மிச்சத்தை ஊசி, ஸ்லிப்மேட் (ரெக்கார்டு வழுக்க அடியில் போடும் பாய்), ஹெட்போனுக்கும் ஒதுக்கட்டும். ஸ்கிராட்ச் ஆள் ஒரு டர்ன்டேபிளுக்கு 40,000, மிக்ஸருக்கு 40,000, ஊசிக்கும் ரெக்கார்டுக்கும் 20,000. கடைக்குக் கடை விலை ஏறும் இறங்கும், பங்கை மட்டும் மாற்றாதீர்கள். ஸ்பீக்கருக்கு இதில் இடமில்லை, வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரில் ஆக்ஸ் சாக்கெட் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

படி 9: மேசை, எர்த், ஃபேன்

கீழே இருக்கும் மேசை ஆடினால் எவ்வளவு விலை டர்ன்டேபிளும் வீண். நம் வீடுகளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: கடப்பாக் கல். கல் கடையில் மெஷின் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி வாங்கி, அடியில் நான்கு மூலையிலும் கெட்டி ரப்பர் துண்டு வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை வையுங்கள். கல்லின் கனம் அதிர்வை அடக்கும், ரப்பர் வடிகட்டும். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். பேஸ் ஊசிக்குள் ஏறி ஊளையிடும். மேசை உயரம் முழங்கை அளவு, நின்று வாசிக்க வேண்டும்.

டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய தரை வயரை மிக்ஸரின் திருகில் மாட்டுங்கள். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் டோன்ஆர்மை விரலால் தொடுங்கள். தொட்டதும் குறைந்தால் அந்த வயர்தான் எங்கோ விட்டிருக்கிறது. இரைச்சல் "ஸ்ஸ்ர்ர்" என்று கூர்மையாக இருந்தால் மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் கிளப்பும் சத்தம் மில்லிவோல்ட் சிக்னலில் அப்படியே ஏறும். முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ போய்விடும். மே மாதம் ஃபேனை அணைத்துவிட்டு வாசிப்பது எப்படி என்று கேட்காதீர்கள், முழு வேகத்தில் வையுங்கள்.

படி 10: ஆர்மைச் சமன் செய்வது

ஆர்ம் உள்பக்கமாக இழுபடாமல் ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட் குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஊசியின் மூடியைக் கழற்றி, ஆர்மை ரெக்கார்டுக்கு வெளியே கொண்டுவந்து, பின் எடைக்கல்லைச் சுழற்றுங்கள். ஆர்ம் தரைக்கு இணையாக, கீழேயும் சாயாமல் மேலேயும் எழும்பாமல் மிதக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, கல்லை அசைக்காமல் எண் எழுதிய வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கல்லையும் வளையத்தையும் சேர்த்துச் சுழற்றி 3-க்கு. குதிக்கிறது என்றால் அரை கிராம் கூட்டலாம், அதற்கு மேல் போய் எடைக்கல்லைத் தலைகீழாக மாட்டும் பழைய தந்திரமெல்லாம் ரெக்கார்டுக்குச் சாபம்.

ரப்பர் பாயை எடுத்துவிட்டு ஸ்லிப்மேட் போடுங்கள். வழுக்கல் போதவில்லை என்றால் ரெக்கார்டின் உட்கவரான பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டி ஸ்லிப்மேட்டின் அடியில் வைக்கலாம், செலவில்லாத வைத்தியம். ஸ்கிராட்ச் ஆட்கள் டர்ன்டேபிளையே 90 டிகிரி திருப்பி வைக்கிறார்கள். ஆர்ம் தூரப் பக்கம் போய்விடும், கைவீச்சில் சட்டைக் கை தட்டாது.

படி 11: எதை வாசிப்பது?

நம்மூர்ப் பழைய சினிமா ரெக்கார்டுகள், எல்.பி.யும் 45 வேக இ.பி.யும், பழைய ரெக்கார்டு கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் பீட்மேட்சிங், அதாவது இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாக்குவது, பழக அவை சரிப்படாது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்தது. பல்லவியில் ஒரு வேகம், சரணம் முடியும்போது மயிரிழை கூடிய வேகம். கேட்க அதுதான் அழகு, பிட்ச் ஃபேடரைப் பிடித்திருப்பவருக்கு அதுதான் தலைவலி. அந்த ரெக்கார்டுகளின் புதையல் இடையிசையில் இருக்கிறது. குரல் இல்லாத அந்தச் சில விநாடிகளை வெட்டி எடுத்து ஒரே தாளத்தின் மேல் போட்டுப் பாருங்கள். பழகுவதற்கு டிரம் மெஷின் வேகத்தில் ஓடும் ஹவுஸ் அல்லது டிஸ்கோ 12 அங்குல ரெக்கார்டுகளை வாங்குங்கள்.

போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் பாட்டையே டர்ன்டேபிளில் வாசிக்கவும் வழியுண்டு. டைம்கோட் ரெக்கார்டு ஒன்றைத் தட்டில் வைத்தால் அதன் சிக்னலைச் சாஃப்ட்வேர் படித்து, கை அசைவுக்கு ஏற்ப ஃபைலை ஓட்டும். செராட்டோவும் டிராக்டரும் காசுக்கு. மிக்ஸெக்ஸ் இலவசம், டைம்கோடையும் அது படிக்கும். டிஜேஎம்-250 எம்கே2 மாதிரி சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கும் மிக்ஸர் என்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டாம். ஆனால் மிக்ஸரின் சவுண்ட் கார்டு எந்தச் சாஃப்ட்வேரோடு ஒத்துப்போகும் என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். டைம்கோட் ரெக்கார்டும் தேயும், வருடத்துக்கு ஒன்று என்று கணக்கில் வையுங்கள்.

முதலில் வாங்கும் ரெக்கார்டு எதுவாக இருந்தாலும் அதில் இரண்டு பிரதி வாங்குங்கள். இரண்டு தட்டிலும் ஒரே பாட்டைப் போட்டு, பிட்ச் இரண்டும் பூஜ்யத்தில், ஒரே அடியில் விட்டுவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். பிபிஎம் கண்டுபிடிக்கும் கவலை இல்லாமல், விடுவது, தள்ளுவது, இழுப்பது மட்டும் கைக்குப் பழகும். பாட்டு ஓடத் தொடங்கியதுமே ஒன்று மற்றதை விட்டு வேகமாக விலகினால் கோளாறு உங்கள் கையில் இல்லை, மெஷினில். விற்றவரின் போன் நம்பர் இன்னும் கையில் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.